கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா: தீபாவளி முதல் பங்குனி வரை பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு

புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களுக்குக் கோலசிலாங்கூர் என்றால் மூன்று காரியம்தான். மலாவாத்தி குன்றில் ஏறிக் குரங்குக்குப் பயற்றங்காய் நீட்டுவது, மீன் வாங்குவது, இருட்டியதும் கம்போங் குவாந்தானில் படகேறி மின்மினி பார்ப்பது. குன்றின் காலடியிலேயே இயற்கைப் பூங்கா இருக்கிறது. மலேசிய இயற்கைக் கழகமும் சிலாங்கூர் மாநில அரசும் சேர்ந்து 1987-ல் தொடங்கிய இடம். உள்ளே போய் வந்தவர்களிலும் பலர், "ஒரே சூடு, கொசு, குருவி ஒன்றையும் காணோம்" என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. காலை பத்தரைக்குப் போனால் அப்படித்தான் இருக்கும்.

அக்டோபரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை, வெளுக்கும் நேரத்தில், சரியான இடத்தில் நின்றால் கதையே வேறு. வடக்கே சைபீரியா, மஞ்சூரியா, ஜப்பான் பக்கமிருந்து வரும் காட்டுப் பறவைகளை இவ்வளவு கிட்டத்தில், நல்ல தடத்தில் நடந்தபடி பார்க்கக்கூடிய இடம் மேற்குக் கரையில் அதிகமில்லை. அதற்காகத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். சேற்றுக்கரைப் பறவைகளுக்காக மட்டும் போகிறவருக்குச் சிபாரிசு செய்யமாட்டேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் இந்த இடம் எப்படி அமைந்திருக்கிறது என்பது புரிய வேண்டும். கடலோரத் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்குப் பண்டு தெரியும். உப்புத்தண்ணீர் செம்பனைக்குள் ஏறாமல் இருக்க மண்ணால் போட்ட நீண்ட கரை. பூங்காவுக்கும் அதேபோல ஒரு பண்டுதான் முதுகெலும்பு. அதற்குக் கடல் பக்கம் அலை தினமும் வந்து போகும் பக்காவ் (அலையாத்தி) காடு. உள்பக்கம் அலை வராததால் மண் இறுகி, பக்காவ் மரங்கள் குறைந்து, அத்தியும் பூவரசு போன்ற மஞ்சள் பூக்கும் பாரு மரமும் கொடிகளும் அடர்ந்த கடலோரக் காடாகிவிட்டது. நடுவில் உவர்நீர் ஏரி. ஆக ஒரே காலையில் மூன்று வகை இடம், மூன்று வகைப் பறவை. சுற்றிலும் மைல் கணக்கில் செம்பனை. இலைப்புழுவும் சிறு பூச்சியும் நிறைந்த பல மரக் காட்டுக்குப் பழகிய ஒரு குருவி, இரவு முழுக்கப் பறந்து களைத்து இறங்கும்போது, செம்பனைத் தோட்டத்தில் அதற்கு வேண்டியது கிடைக்காது. அதனால்தான் இந்தத் துண்டுக் காட்டில் வந்து குவிகிறது. கீச்சானும் தகைவிலானும் தோட்டத்துக் கம்பிகளில் உட்கார்ந்து சமாளித்துக்கொள்ளும். ஈப்பிடிப்பானுக்கு அது ஆகாது.

மாதக் கணக்கைப் பண்டிகைகளோடு சேர்த்து வைத்துக்கொண்டால் மறக்காது. தீபாவளிக்கு முன்னும் பின்னும் வருகையின் உச்சம். அந்த நாட்களில் புதுப்புது முகங்கள், ஒரு வாரம் இருந்தது மறு வாரம் இருக்காது. பல வழிப்போக்கர்கள், சுமாத்திரா பக்கம் போகிறவை. தைப்பூசம் வரும்போது கூட்டம் அடங்கி, தங்குகிறவை மட்டும் அவரவர் மூலையைப் பிடித்துக்கொண்டிருக்கும். டிசம்பரில் ஒரு பழுப்புக் கீச்சானை ஒரு புதரில் பார்த்தால் பிப்ரவரியிலும் அதே புதரில் அதைத் தேடலாம். பங்குனி உத்திரத்தை ஒட்டித் திரும்பும் பயணம். எண்ணிக்கை தீபாவளி அளவுக்கு இருக்காது, ஆனால் ஆண் பறவைகள் பளிச்சென்று நிறம் ஏறியிருக்கும், சில பாடவும் தொடங்கும். முதல் முறை போகிறவர் ஒரே ஒரு மாதம் கேட்டால், அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை என்பேன். அந்த நாட்களில் மேற்குக் கரையில் பின்னேர இடிமழை வழக்கம். காலைதான் கையில் இருக்கும்.

நேரத்தில் பலர் ஏமாறுவது இங்கேதான். தீபாவளி சமயத்தில் சூரியன் ஏழு மணிக்கே வந்துவிடும். தைப்பூச சமயத்தில் ஏழரையை ஒட்டித்தான் வரும். கடிகாரத்தைப் பார்க்காமல் சூரியனைப் பாருங்கள். உதயத்துக்குப் பத்து நிமிஷம் முன்பிருந்து ஒன்றரை மணி நேரம் பொற்காலம். ஒன்பதுக்கு மேல் காட்டுக்குள் சத்தம் குறைந்துவிடும். பத்துக்கு மேல் பருந்துகளைத் தவிர எதையும் எதிர்பார்க்க வேண்டாம். வாசல் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். திறக்க நேரமானால் குன்றின் அடிவாரச் சாலையோரத்தில் நிற்கலாம். அத்தி பழுத்திருந்தால் அங்கேயே மாங்குயிலும் புல்புலும் வந்து போகும். கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்கள் லாத்தார் நெடுஞ்சாலையில் அசாம் ஜாவா வரை வந்து அங்கிருந்து கோலசிலாங்கூர் பக்கம் திரும்பலாம். புக்கிட் ரோத்தான்காரர்களுக்குத் தேநீர் குடிக்கும் நேரம்தான் பயணம்.

உள்ளே போனதும் எல்லாரும் நேராகப் பார்வைக் கோபுரத்துக்கு நடக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். கோபுரம் எங்கேயும் போகாது. முதல் ஒரு மணி நேரம் பண்டுக்கு உள்பக்கத்துக் காட்டுத் தடத்துக்கே உரியது.

அங்கே நடப்பதைவிட நிற்பதுதான் வேலை. தடத்தின் மேல் கிளைகள் பிளந்து வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்துப் பத்து நிமிஷம் அசையாமல் நில்லுங்கள். ஈப்பிடிப்பான்கள் ஒரே கொம்பிலிருந்து பாய்ந்து பூச்சியைப் பிடித்து அதே கொம்புக்குத் திரும்பும் பழக்கம் உள்ளவை. ஒரு பாய்ச்சல் கண்ணில் பட்டால் போதும், தொலைநோக்கிக் கண்ணாடியை அந்தக் கொம்பின் மேல் குறிவைத்துக் காத்திருங்கள். சாம்பல் கலந்த பழுப்பு உடம்பு, கண்ணைச் சுற்றி வெளிறிய வளையம், கீழ் அலகின் அடி மஞ்சள் என்றால் அது ஆசியப் பழுப்பு ஈப்பிடிப்பான். இங்கே அதிகம் கிடைப்பது அதுதான். ஆண் மஞ்சள் பிட்ட ஈப்பிடிப்பானைக் கண்டால் சந்தேகமே வராது. கறுப்பு முதுகு, வெள்ளைப் புருவம், எலுமிச்சை மஞ்சளில் வயிறும் பிட்டமும். பெண்ணுக்கு நிறம் மங்கல், ஆனால் பிட்டம் மட்டும் மஞ்சளாக இருக்கும். அது பறந்து போகும்போது முதுகைப் பார்க்க வேண்டும்.

கதிர்க்குருவிகள்தான் புதியவர்களை அழவைக்கும். எல்லாம் பச்சை, எல்லாம் ஓயாமல் துள்ளும். இரண்டை மட்டும் பிரித்துக்கொண்டால் இந்தக் காட்டுக்குப் போதும். உச்சந்தலை நடுவில் வெளிறிய கோடும், வாலுக்கு அடியில் வெளிர் மஞ்சளும் இருந்தால் கிழக்குக் கிரீடக் கதிர்க்குருவி. தலையில் கோடு இல்லாமல் புருவம் மட்டும் நீண்டு, சிறகில் மெல்லிய வெள்ளைப் பட்டி இருந்தால் ஆர்க்டிக் கதிர்க்குருவி வகை. தலையைப் பார்க்கக் கீழிருந்து அண்ணாந்தால் தெரியாது. அது உங்கள் பக்கம் குனியும் கணத்துக்காகக் காத்திருக்க வேண்டும், கழுத்து வலிக்கும்.

தரையை மறந்துவிடாதீர்கள். செப்டம்பர் முதலே காட்டு வாலாட்டி வந்துவிடுகிறது. சருகு மேல் கோழிக்குஞ்சு மாதிரி நடந்துகொண்டே இருக்கும், முழு உடம்பும் இடமும் வலமும் ஆடும். மற்ற வாலாட்டிகள் எல்லாம் வாலை மேலும் கீழும் ஆட்டும், இது ஒன்றுதான் பக்கவாட்டில். மார்பில் இரண்டு கறுப்புப் பட்டை, மேல் பட்டை நெக்லஸ் போல, கீழ்ப்பட்டை நடுவில் அறுந்தது போல. கிட்டே போனால் பறந்து தாழ்ந்த கொம்பில் உட்கார்ந்து அங்கேயும் ஆடும். ஐந்து நிமிஷம் அசையாமல் இருந்தால் திரும்ப அதே சருகுக்கு இறங்கிவிடும். அவசரப்படுகிறவர்களுக்கு அதன் முதுகு மட்டும்தான் கிடைக்கும்.

இந்தக் காட்டின் பெரிய பரிசு ஆறுமணிக்குருவி குடும்பம். தமிழ்நாட்டில் அந்தப் பெயரில் அழைப்பது வேறு ஓர் இனம், ஆனால் குடும்பம் ஒன்றே. நீலச்சிறகு ஆறுமணிக்குருவி அக்டோபர், நவம்பரில் வலசையாக இங்கே இறங்கும். பக்காவ் ஆறுமணிக்குருவி இங்கேயே குடியிருப்பது. இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி. நிறத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள், அலகைப் பாருங்கள். பக்காவ் குருவியின் அலகு தலைக்குப் பொருந்தாத அளவுக்கு நீளமும் தடிமனுமாக இருக்கும், நண்டு உடைக்கும் அலகு. நீலச்சிறகுக்கு அளவான அலகு. சருகு கிளறும் சத்தம் கேட்டால் உட்கார்ந்துவிடுங்கள். நிற்கும் மனிதனைவிடக் குந்தியிருக்கும் மனிதனை அது பொறுத்துக்கொள்ளும்.

இதைச் சொல்லும்போது தோட்ட லயங்களிலும் பட்டண வீடுகளிலும் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் குருவிகள் இரவில்தான் பயணம் செய்கின்றன. ஐந்தடி (வீட்டு முன்நடை) விளக்கில் மயங்கிக் கண்ணாடி ஜன்னலில் மோதி விழுவது அக்டோபர், நவம்பரில் அடிக்கடி நடக்கும். பச்சையும் நீலமுமாக ஒரு குண்டுக் குருவி காலையில் வாசலில் கிடந்தால் செத்துவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில், அடியில் துணி விரித்து, மூடி, இருட்டான அமைதியான இடத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். எழுந்து நின்று தாவத் தொடங்கினால் மரம் உள்ள இடத்தில் பெட்டியைத் திறந்துவிட்டால் போதும்.

எட்டரை வாக்கில் ஏரிக்கு வரலாம். சாம்பல் நாரை, செந்நாரை, சின்னக் கொக்கு, வக்கா எல்லாம் வருஷம் முழுக்க உள்ளவை. இந்தப் பருவத்தில் பார்க்க வேண்டியது மடையான்கள். அக்டோபரில் சீன மடையான் வந்துவிடும். ஆனால் இப்போது எல்லா மடையானும் ஒரே பழுப்புக் கோடு போட்ட உடையில் இருக்கும், ஜாவா மடையான் எது, சீன மடையான் எது என்று குளிர்கால உடையில் நிச்சயமாகச் சொல்ல முடியாது. குறிப்பேட்டில் 'மடையான்' என்று மட்டும் எழுதுவதுதான் நேர்மை. கறுப்புத் தொப்பி மீன்கொத்தியையும் தேடுங்கள். ஊதா நீல முதுகு, கறுப்புத் தலை, பவள அலகு. இதுவும் வலசைதான். சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும் நீல வெள்ளை மீன்கொத்தி நம் ஊர்க்காரன், அதைப் பார்த்துவிட்டுத் திருப்திப்பட்டுத் திரும்பிவிடாதீர்கள்.

பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிக் காற்று சூடாகி மேலெழும்பும்போது வானத்தைப் பாருங்கள். அக்டோபர், நவம்பரில் தேன்பருந்துகள் இறக்கை அடிக்காமல் வட்டமிட்டு உயரம் ஏறித் தெற்கே வழுக்கும். கழுத்து ஒல்லி, தலை சின்னது, புறாத் தலை மாதிரி. செம்பருந்தும் வெண்வயிற்றுக் கடற்கழுகும் எப்போதும் இருப்பவை, ஒப்பிடுவதற்கு உதவும். தேன்பருந்துகள் திரும்பி வரும் காட்சியைத்தான் பார்க்க வேண்டும் என்றால் பூங்காவை விட்டுவிட்டு மார்ச் மாதம் போர்ட்டிக்சன் பக்கத்துத் தஞ்சோங் துவானுக்குப் போங்கள். சுமாத்திராவின் ரூபாட் தீவிலிருந்து சுமார் 38 கிலோமீட்டர் கடலைக் கடந்து வந்து தலைக்கு மேலேயே போகும்.

இனி பக்காவ் காட்டுப் பலகைப் பாதை. அலைக்கணக்கு தெரியாமல் இதில் கால் வைக்காதீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டு மூன்று நாள் கிள்ளான் கரையில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் வித்தியாசம் நான்கு மீட்டரைத் தொடும். தீபாவளி அமாவாசை, தைப்பூசம் பௌர்ணமி, பங்குனி உத்திரமும் பௌர்ணமி. ஆகப் பண்டிகை விடுமுறையில் வருகிறவர்களுக்குக் கிடைப்பது எப்போதும் பேரலைதான். பெலாபுஹான் கிள்ளான் அலை அட்டவணையைப் பார்த்துவிட்டு வாருங்கள். வற்றிய நேரத்தில் சேறு திறந்து, சேற்றில் துள்ளும் பெலாச்சாக் மீனும் நண்டும் தின்ன மீன்கொத்தியும் பக்காவ் ஆறுமணிக்குருவியும் தரைக்கு வரும். ஏறிய நேரத்தில் அவை மரத்துக்குப் போய்விடும்.

பலகையின் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று வாசலிலேயே கேளுங்கள். உப்பும் ஈரமும் மரத்தை வேகமாகத் தின்னும், எந்தப் பக்காவ் காட்டிலும் இதுதான் நிலைமை. நடக்கும்போது பலகையின் நடுவில் கால் வைக்காமல், ஆணி வரிசை தெரியும் இடத்தில் வையுங்கள். ஆணிக்கு அடியில்தான் தாங்கும் குறுக்குச் சட்டம் இருக்கும். மழைக்கு மறுநாள் பாசி வழுக்கும், ரப்பர் அடி உள்ள காலணியே வேண்டும், சப்பாத்து அடி தேய்ந்திருந்தால் வேண்டாம்.

இங்கே கண்ணைவிடக் காது முக்கியம். பக்காவ் விசிலடிப்பான் பார்க்க மங்கிய பழுப்பு, ஒன்றும் சொல்லிக்கொள்வதற்கில்லை. வாயைத் திறந்தால் கணீரென்று ஏறி, கடைசிச் சுரத்தில் சாட்டை சொடுக்குவது போல முடியும். அது பாடும்போது மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு நிற்கத் தகுந்தது. சாம்பல் தையல்சிட்டும் விசிறிவால் குருவியும் தோளுயரத்திலேயே வந்து போகும்.

சேற்றுக்கரைப் பறவை விஷயத்துக்கு வருகிறேன். கோட்டான் (ஆந்தையில்லை, வளைந்த நீள அலகுள்ள கரைப்பறவை), மூக்கன், பவளக்காலி, உள்ளான்கள் இந்தக் கடற்கரையில் குறைவில்லை. ஆனால் பூங்காவுக்கும் திறந்த சேற்றுக்கும் நடுவே பக்காவ் காடு சுவராக நிற்கிறது. காட்டின் நலத்துக்கு அது நல்லது, உள்ளான் பார்ப்பவருக்கு அல்ல. ஜெராம் கடற்கரை பக்கம் போய், உச்ச அலைக்கு இரண்டு மணி நேரம் முன்பே கரையில் நின்றுகொண்டால், தண்ணீர் ஏற ஏறப் பறவைகள் தாமாகவே உங்களை நோக்கித் தள்ளப்பட்டு வரும். முழுதும் வற்றிய நேரத்தில் போனால் அரை மைல் தள்ளிப் புள்ளிகள்தான் தெரியும். ஆலாக்களும் வயல் உள்ளான்களும் வேண்டுமென்றால் தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்களில் உழுது தண்ணீர் கட்டிய கட்டங்களைத் தேடுங்கள், கதிர் முற்றிய வயலில் ஒன்றும் தெரியாது. பெருங்கூட்டமாகவே பார்க்க வேண்டும் என்றால் பேராக்கின் கோல குராவ் பக்கத்துக் கோல குலாதான். அழிவின் விளிம்பில் இருக்கும் பால்நிற நாரை, மலாய்க்காரர்கள் ஊபே என்று சொல்வது, அதற்கும் அந்தக் கரையே நம்பிக்கை.

எடுத்துப் போக வேண்டியவற்றில் தொலைநோக்கிக் கண்ணாடிக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். இந்தக் காட்டுக்கு 8×42 சரி, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மில்லிமீட்டர். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 மில்லிமீட்டர் வெளிச்ச வட்டம், விடியற்காலை மர நிழலுக்குப் போதுமானது. 8×25 சின்னக் கண்ணாடியில் அது 3-தான், ஏழு மணிக்கு எல்லாம் கறுப்பாகத் தெரியும். 10×42 ஏரிக்கு நல்லது, ஆனால் பக்கத்துப் புதரில் துள்ளும் கதிர்க்குருவியைப் பிடிக்கப் பார்வை வட்டம் குறுகல், கை நடுக்கமும் கூடும். வாங்கும்போது மிகக் கிட்டிய தூரம் 3 மீட்டருக்குள் தெளிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் அதைப் போட்டபடியே வட்டம் முழுதாகத் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஏர்கண்டிஷன் காரில் மடியில் வைத்துக்கொண்டு வந்தால் இறங்கியதும் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும், கால் மணி நேரம் போச்சு, அதுவும் நாளின் சிறந்த கால் மணி நேரம். பின்பக்கப் பெட்டியில் வையுங்கள், அல்லது கடைசிப் பத்து நிமிஷம் ஜன்னலைத் திறந்துவிட்டு ஓட்டுங்கள். பூத்ததைத் துணியால் தேய்த்தால் உப்புத்துகள் கோடு போடும், தானாகக் காயட்டும்.

கொசு மருந்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. டீட் கலந்த மருந்து பிளாஸ்டிக்கையும் ரப்பர் உறையையும் இளக்கிவிடும். பூசிய கையோடு கண்ணாடியைப் பிடித்துப் பிடித்துக் கைப்பிடி பிசுபிசுத்துப் போனவை ஏராளம். பிகாரிடின் உள்ள மருந்து வாங்குங்கள், அல்லது டீட்டைக் கழுத்துக்கும் காலுக்கும் பூசிவிட்டு உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, மங்கிய நிறம். ஆகாஸ் என்ற பொடிப்பூச்சி பின்னேரம் கடிக்கும், அதற்குத் துணிதான் மருந்து. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். ரொட்டி, நாசி லெமாக் பொட்டலத்தை பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டு நடக்காதீர்கள், நீள்வால் குரங்கு பை சலசலப்பதைக் கேட்டே வந்துவிடும்.

கைப்பேசியில் குருவிச் சத்தத்தை ஓடவிட்டு வரவழைக்கும் பழக்கம் பரவி வருகிறது. தயவு செய்து வேண்டாம். எட்டு மணி நேரம் பறந்து வந்து எடை இழந்த பறவைக்கு, இல்லாத எதிரியைத் தேடி அலைவது வீண் செலவு. குடியிருக்கும் பறவைக்கு அது தன் இடம் பறிபோகிறது என்ற செய்தி. சின்னக் காடு, வார இறுதிக்கு வார இறுதி ஆள் வருகிறார்கள், ஒவ்வொருவரும் ஒருமுறை ஓடவிட்டாலே அந்த ஆறுமணிக்குருவி அங்கே இருக்காது. நான்கு பேருக்கு மேல் ஒன்றாகப் போகாதீர்கள். அதற்கு மேல் என்றால் இரண்டாகப் பிரிந்து கால் மணி நேர இடைவெளியில் நடங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியை உறைக்குள் போட்டு மூடாதீர்கள். மென்துணியை நனைத்துப் பிழிந்து மேலுடலைத் துடைத்து உப்பை எடுத்துவிட்டு, மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம் வைத்து, மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளோடு வையுங்கள். நம் ஈரத்தில் லென்ஸ் பூஞ்சை பிடிக்கச் சில மாதமே போதும். மணிகளின் நிறம் மாறியதும் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்தால் பழைய நிறத்துக்கு வரும், மறுபடி போடலாம்.

ஒருமுறை போய்வந்தவர்கள் மார்ச் கடைசியில் இன்னொரு முறை ஏரிக்கரைக்குப் போங்கள். அக்டோபரில் பெயர் சொல்ல முடியாமல் விட்ட மடையான்களில் சில, தலையும் கழுத்தும் கருஞ்சிவப்பாகி, முதுகு கரும்பலகை நிறத்தில் மாறி நிற்கும். அவைதான் சீன மடையான். சில நாளில் கிளம்பிவிடும்.